நீக்கச் சொன்ன வரி

எனக்குப் பிழை கண்டுபிடிக்க வரும். இதில் தன்னடக்கம் காட்டி என்ன ஆகப்போகிறது? குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலைக் குறிப்பு எழுதுகிறேன். எந்த ஸ்க்ரூவை முதலில் முடுக்க வேண்டும், எந்தப் பொத்தானைத் தொடவே கூடாது என்று மெஷின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்குமே, அதுதான். எழுதி முடித்ததும் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பேன். "புரியுதா?" என்று கேட்கவே மாட்டேன். கேட்டால் நம் ஆட்கள் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும். கை எங்கே தயங்குகிறதோ அங்கே என் எழுத்தில் கோளாறு.

இந்தப் புத்தியை வைத்து வீட்டிலும் ஒரு வேலை பார்க்கிறேன், சம்பளம் இல்லாத வேலை. கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள் ஒன்று. உலகத்தில் பல பேர் சேர்ந்து செய்வது, காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதை எப்படிப் போடுவது, எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் பக்கங்களையும் ஜனங்களே எழுதி அனுப்புவார்கள். தமிழில் வருகிற பக்கங்களைப் படித்து, திருத்தம் சொல்லி, சரியாக வந்ததும் சேர்ப்பது நான். என் கையைத் தாண்டாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. என் குறிப்புகள் காரம் என்று சொல்லிக்கொள்கிறார்களாம். சொல்லட்டுமே. இனிக்க இனிக்கப் பேசினால் எவர் திருத்துகிறார்?

போன வருடம் சுங்கை ரம்பாய் என்ற ஊரிலிருந்து ஒரு பக்கம் வந்தது. எழுதியவர் அங்கே டியூஷன் எடுக்கும் டீச்சர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஏதோ ஓர் ஆபீசில் கழித்துப் போட்ட ஆறு பழைய லேப்டாப்புகள் அவருக்குக் கிடைத்திருந்தன. அவற்றைத் தன் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் பொது மண்டபத்தில் வைத்து, எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. பழைய மெஷினில் இந்த மென்பொருளைப் போடுவது எப்படி என்பதுதான் அவர் பக்கம். அதைப் பார்த்துப் பிள்ளைகளின் அம்மாமார்களே செய்யும்படி இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் தன்னைத் தேடக் கூடாது என்று எழுதியிருந்தார்.

நான் இருபத்தாறு திருத்தம் சொன்னேன். இரண்டே நாளில் இருபத்தாறுக்கும் பதில் வந்தது: "சரி அக்கா, மாத்திட்டேன்." ஒன்றுக்குக்கூட மறுபேச்சு இல்லை. அடடா, இப்படி ஒரு ஆள் கிடைக்கத்தானே காத்திருந்தேன் என்று பூரித்துப் போனேன். வீட்டில் இருந்த என் புது லேப்டாப்பில், என் கையாலேயே, அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு தடவை செய்து பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. சேர்த்துவிட்டேன்.

பிறகு டீச்சரே போன் செய்தார். சனிக்கிழமை காலையில் அம்மாமார்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஆறு மெஷினிலும் போடப் போகிறார்கள், அக்கா வர வேண்டும் என்றார். ஜாசின் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே டீச்சர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மண்டபத் தலைவர் கெடு வைத்திருக்கிறாராம்; இன்றைக்கு ஓடினால் மெஷின்கள் இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆறு பெண்கள், ஆறு மெஷின், ஆளுக்கொரு அச்சடித்த தாள். நான் பின்னால் உட்கார்ந்து கைகளைப் பார்த்தேன். ஒரு கையும் தயங்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. எல்லாம் முடிந்து, தாளில் இருந்தபடி, மென்பொருள் இருந்த பென்டிரைவைப் பிடுங்கி, மெஷினை அணைத்து மறுபடி ஓட விட்டார்கள். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி, இயக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று. ஆறிலும் அதே கதை.

"டீச்சர், ஒன்னுமே வரலியே லா!" என்றார் முன்வரிசைப் பெண்.

ஓரமாக உட்கார்ந்திருந்த தலைவர் எழுந்தார். "நான் போன வாரமே சொன்னேன் டீச்சர். பேட்மிண்டன் ஆளுங்க எடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எடுத்துருங்க."

"என் தப்புதான். நான்தான் சரியா எழுதல" என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். போனில் அந்தப் பக்கத்தின் பழைய வடிவங்களைத் திறந்தேன். யார் எந்த வரியைச் சேர்த்தார்கள், யார் எடுக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். டீச்சர் முதலில் எழுதியிருந்தார்: "முடிந்ததும் மறுபடி செட்டிங்ஸ் திரைக்குப் போய், உள்ளே இருக்கும் டிஸ்க்கை முதல் இடத்துக்குக் கொண்டு வரவும். இதை விட்டால் பழைய மெஷின் பென்டிரைவையே தேடிக்கொண்டு நிற்கும்." அதன் கீழே என் குறிப்பு: "செட்டிங்ஸ் பற்றி மூன்றாம் படியில் வந்துவிட்டது. ஒன்றையே இரண்டு தடவை சொல்ல வேண்டாம். நீக்கவும்."

மூன்றாம் படியில் இருந்தது, மெஷின் முதலில் பென்டிரைவைத் தேடும்படி வைப்பது. இது அதைத் திரும்ப மாற்றுவது. ஒரு சொல்லைப் பார்த்ததும் பாய்ந்து வெட்டியிருக்கிறேன்.

டீச்சரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். "இது தேவைன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"நீங்க பெரியவங்க. எதுத்துச் சொன்னா பக்கத்தையே சேக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன் அக்கா."

"சரி, இப்ப? தலைவர் முன்னாடி எல்லாத்தையும் ஒங்க தலையில போட்டுக்கிட்டீங்களே!"

"நீங்க அங்க ஒக்காந்திருக்கும்போது எப்படிக்கா சொல்றது?"

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. பதினெட்டு வருடம் தலையாட்டலை நம்பாதவள், எழுத்தில் வந்த இருபத்தாறு தலையாட்டலை அப்படியே நம்பியிருக்கிறேன். ஒரு பெண் தன் மெஷின்களை இழக்கத் தயார், ஆனால் எனக்கு மறுப்புச் சொல்லத் தயாரில்லை. அவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

உள்ளே போய், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "தலைவரே, டீச்சர் எழுதுனது சரி. அதை வெட்டச் சொன்னது நான். தப்பு என்னோடது. கால் மணி நேரம் குடுங்க." தப்பை ஒப்புக்கொள்வதிலும் நான் அரைகுறை கிடையாது. டீச்சர் எழுதிய வரியைச் சத்தமாகப் படித்தேன். அம்மாமார்கள் செய்தார்கள். முதல் திரை வெளிச்சமானதும் ஒருவர் கைதட்டினார், பிறகு ஆறும் வந்துவிட்டன. தலைவர் ஆறு திரையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். "போலே லா, சரி, இருக்கட்டும். பேட்மிண்டன் ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். எழுதியவர் சரி, நீக்கச் சொன்ன நான்தான் தப்பு என்று எல்லோரும் பார்க்கும்படி கீழே எழுதினேன். "இனிமே நான் தப்பாச் சொன்னா சண்டை போடணும்" என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து அடுத்த பக்கம் வந்தது, பிரிண்டர் இணைப்பது பற்றி. ஒன்பது திருத்தம் சொன்னேன். எட்டுக்குச் சரி என்று பதில். ஐந்தாவதற்கு மட்டும் இப்படி: "இல்லக்கா, இதை மாத்த மாட்டேன்." கீழே நாலு வரியில் காரணம்.

இந்தத் தடவை பழைய மெஷின் ஒன்றை இரவல் வாங்கி, வீட்டுக்காரரைச் செய்ய வைத்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி. டீச்சர் சொன்னது சுத்தத் தப்பு.

"பாருங்க, எங்கிட்ட சண்டை போட்டிருக்காங்க!" என்று டீச்சரின் பதிலை வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"அதுக்கு ஏன் அழுவுற?" என்றார்.

சந்தோஷத்தில்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீச்சர் சொன்னது ஏன் தப்பு என்று விலாவாரியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.