பதினேழு பேருக்கு எவ்வளவு மெமரி

முரசுமோட்டையில் ஞானேஸ்வரியின் உடம்பு இல்லாத வீடு குறைவு. கேட்டுப் பதறத் தேவையில்லை. சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களைப் பற்றிய பேச்சுத்தான் இது.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூடியோ இருந்தது. அதன் பின்னறையில் கணினிக்கு முன்னால் இருந்து முகம் வெட்டி ஒட்டுவது அவளுடைய வேலை. சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்த பிறகு அந்த வேலைக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு மகன் கனடாவில், ஒரு மகள் இந்தியாவில், தகப்பன் மண்ணுக்குள். எல்லோரும் ஒரே படத்தில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் கொண்டுவருவது என்ன? அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடக் குழுப் படத்தில் பொட்டளவு முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஞானேஸ்வரி யோசித்துப் பார்த்து, தானே பச்சைச் சேலை கட்டி நாலைந்து விதமாக நின்று படம் எடுத்துக்கொண்டாள். புருஷன் ராசுவுக்கு இரவல் கோட்டு மாட்டி அவனையும் நிறுத்தினாள். பிறகென்ன, ஊரில் உள்ள அத்தனை அக்காமாருக்கும் அவள் உடம்பு, அத்தனை வெளிநாட்டுத் தம்பிமாருக்கும் ராசுவின் உடம்பு. கலியாண வீடுகளுக்குப் போனால் ராசு முதலில் சுவரைத்தான் பார்ப்பான்.

"அந்தா, நான் சுவிஸிலயிருந்து வந்து நிக்கிறன்" என்று அவளுடைய காதுக்குள் சொல்லுவான். அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவாள். 

ஸ்ரூடியோக் கணினி ஒரு கிழட்டு மாடு. அதற்கு இருந்த மெமரி கொஞ்சம். மூன்று பேரைத் தனித்தனியாகப் படத்தில் நிறுத்தி, நாலாவது ஆளைக் கூட்டிவந்தால் அப்படியே உறைந்துவிடும். அதனால் ஞானேஸ்வரி ஒரு வழி பழகியிருந்தாள். ஒருவரை வெட்டிக் கொண்டுவந்து வைப்பாள். உடனே பின்னணியோடு ஒட்டிவிடுவாள். பிறகு அடுத்தவர். இப்படிச் செய்தால் எத்தனை பேரையும் நிறுத்தலாம். ஆனால் ஒட்டியவர் ஒட்டியவர்தான். கடவுளே வந்து கேட்டாலும் நகர மாட்டார்.

இளையதம்பி வீட்டுப் படத்தில் அவள் பட்ட பாடு சந்தைக்கே தெரியும். கிணற்றுப் பங்குச் சண்டையில் தமையனும் மாமனும் பல வருஷமாக முகம் பார்ப்பதில்லை. அதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளோ மாமனின் கையைத் தமையனின் தோளில் சாய்த்தே வைத்துவிட்டாள். படத்தைப் பார்த்த இளையதம்பிக்கு வியர்த்துவிட்டது. "பிள்ளை, மாமாவைக் கொஞ்சம் அங்கால தள்ளிவிடுங்கோவன்" என்று கெஞ்சினார். தள்ள வழியில்லை. முதலிலிருந்து எல்லாரையும் திரும்ப வெட்டினாள். அன்றிலிருந்து வேலைக்குக் கை வைக்குமுன் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஆரும் ஆரோடையும் கதைக்காமல் இருக்கினமோ?" என்பதுதான். ஊர்ச் சண்டை முழுக்க அவளுக்கு அத்துப்படியானது இப்படித்தான்.

அவளுடைய அம்மா பேச்சியம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். படுக்கையோடு கிடக்கத் தேவையில்லை, ஆனால் தனியே விடக்கூடாது. ஸ்ரூடியோ முதலாளி நல்ல மனுஷன், வீட்டிலிருந்தே வேலையைச் செய் என்றார். அப்படித்தான் வீட்டுக்கு ஒரு கணினி என்ற பேச்சு வந்தது. கடையில் பூட்டி விற்பதை வாங்குவதைவிட, சாமான்களைத் தனித்தனியாக வாங்கிவந்து தாங்களே பூட்டலாம் என்று ராசு சொன்னான். தண்ணீர் மோட்டர் கழற்றிப் பூட்டுகிற கைக்கு இது பெரிய காரியமா என்பது அவனுடைய கணக்கு. எல்லாச் சாமானுக்கும் முடிவெடுத்தாயிற்று. மெமரி எவ்வளவு என்பதில் மட்டும் நின்றது.

அது நின்றதற்குக் காரணம் பேச்சியம்மா. மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் அவள். அவளுடைய அக்காமாரும் அண்ணன்மாரும் மலைநாட்டாரைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தக் கடதாசியோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். ஒரு தம்பி தோட்டத்திலேயே தங்கிவிட்டான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு பேச்சியம்மாவும் புருஷன் மாயாண்டியும் கைக்குழந்தை ஞானேஸ்வரியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டினார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாயாண்டியும் காலமாகிவிட்டார். இத்தனை வருஷம் வன்னியில் இருந்தும் பேச்சியம்மாவின் வாயில் 'ஓம்' வரவில்லை, 'ஆமா'தான்.

"ஊருக்கெல்லாம் ஒட்டிக் குடுக்குறியே ஞானம்" என்றாள் ஒருநாள். "நம்ம ஆளுகளையும் ஒரே எடத்துல நிக்க வையேன். கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ பாத்துர்றேன்."

அம்மா இதுவரை அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. 

அக்காமாரும் அண்ணன்மாரும் குடியேறியிருந்த கோத்தகிரிக்குத் தொலைபேசி எடுத்தார்கள். தம்பி இருந்த தோட்டத்துக்கு ஆள் போனது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மத்தியானங்களில் அம்மா தூங்க, ஞானேஸ்வரி வாசல் வேம்பின் கீழ் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த முகங்களை மடியில் பரப்பி வைத்திருப்பாள். எதிரே வயல் பச்சையாக அசையும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் செருகும். அப்போது வரம்பில் ஆட்கள் வருவார்கள். பெரியம்மாமார் முன்னால், மாமன்மார் பின்னால், குளிர்நாட்டுக் கம்பளியைப் போர்த்தபடியே இந்த வெயிலுக்குள் வருவார்கள். ஒருவருக்கும் வேர்க்காது. "எங்க நிக்க?" என்று கேட்பார்கள். அவள் கையைக் காட்டுவதற்குள், பின்னால் இன்னும் ஓர் ஆள் வருவது தெரியும். யார் என்று எட்டிப் பார்க்கும்போது முழிப்பு வந்துவிடும்.

நிஜத்திலும் அப்படித்தான் ஆள் கூடிக்கொண்டே போனது. அம்மா முதலில் ஒன்பது பேர் சொன்னாள். பிறகு சின்னக்காவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பிறகு, "கொழுந்தியாள விட்டா பாவமில்லயா?" என்றாள். அவளையும் ஞானேஸ்வரியையும் சேர்த்துப் பதினேழில் வந்து நின்றது.

"இன்னும் ரெண்டு பேர் கூடினால் வயலை வித்துத்தான் மெமரி வாங்கோணும்" என்றான் ராசு. அவனுக்குப் பெரிய திரை வாங்கிப் படம் பார்க்க ஆசை. கூடுதல் மெமரி வாங்கினால் அந்த ஆசையில் மண்தான்.

"ஒவ்வொருத்தரா ஒட்டினால் சின்ன மெமரியே போதுமே" என்றும் கேட்டுப் பார்த்தான். 

"காணும். ஆனா இந்த ஆக்கள் ஆர் ஆருக்குப் பக்கத்தில நிக்கிறவையெண்டு எனக்குத் தெரியாது ராசு. ஊர்ச்சனத்தை எல்லாம் தெரியும், என்ர சனத்தைத் தெரியாது. அம்மா பாத்துச் சொல்லேக்க நகர்த்த ஏலாமப் போனால் என்ன செய்யிறது?"

ராசு அதன் பிறகு பெரிய திரையைப் பற்றிப் பேசவில்லை.

வவுனியாவில் ஸஜாத்தின் கடையில்தான் சாமான் வாங்கினார்கள். ஸஜாத் பத்துப் பன்னிரண்டு வருஷம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். எதைக் கேட்டாலும், "என்ன வேலைக்கு?" என்று கேட்காமல் எடுத்துத் தரமாட்டார்.

"வீட்டு வேலைக்கெண்டால் இருநூற்றி ஐம்பத்தாறு எம்பியே தாராளம், தங்கச்சி" என்றார். "கணக்கு வழக்கோ, பிள்ளையளின்ர விளையாட்டோ?"

"ஆக்களை நிப்பாட்டுறதுக்கு, ஸஜாத் நானா" என்றாள் ஞானேஸ்வரி.

"எத்தின ஆக்கள்?"

"பதினேழு பேர். ஒருத்தரையும் ஒட்டாமல், எல்லாரும் நகரக்கூடிய மாதிரி."

இப்படி ஒரு கணக்கு ஸஜாத் கேட்டதில்லை. பேனையைக் காதில் செருகிக்கொண்டு விவரத்தை முழுக்கக் கேட்டார்.

"எங்கட ஆக்களும் பாதி இன்னும் புத்தளத்திலதான் நிக்கினம்" என்றார். பிறகு இரண்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி மெமரித் தகடுகளை எடுத்து மேசையில் வைத்தார். "ஒண்டு போட்டால் ஒருவேளை காணும், ஒருவேளை இறுகும். ஆக்கள் விசயத்தில ஒருவேளை கூடாது. ரெண்டையும் போடுங்கோ."

திரும்பும் வழியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைப் பிரிக்கச் சொன்னார்கள். சோதனை செய்த பொடியன் அந்தப் பச்சைத் தகட்டை வெயிலில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் திருப்பித் தந்தான்.

கணினியைப் பூட்டிய கதையை ராசு வேறு மாதிரிச் சொல்லுவான். இரண்டு தடவை கழற்றிப் பூட்டினான் என்பதே உண்மை. பக்கத்துக் கடையின் ஜெனரேற்றரிலிருந்து பின்னேரத்தில் கரண்ட் கிடைக்கும். அந்த நேரங்களில் ஞானேஸ்வரி முகங்களை வெட்டினாள், உடம்பு கொடுத்தாள், தங்களுடைய வயலையே பின்னணியாக வைத்தாள். பதினேழாவது ஆளும் வந்து நின்றபோதும் கணினி உறையவில்லை. அவள் கைகூப்பினாள்.

மறுநாள் பின்னேரம் அம்மாவைக் கதிரையில் இருத்தினாள். பேச்சியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள்.

"பெரியக்கா இம்புட்டு ஒல்லியாவா இருந்தா?"

"அது என்ர உடம்பம்மா."

பேச்சியம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். "சின்னண்ணன நடுவுல விடாத. அவன் எப்பவும் ஓரத்துலதான் நிப்பான், எந்திரிச்சுப் போற மாதிரி." நகர்ந்தார். "கொழுந்தியாளும் சின்னக்காவும் ஒண்ணா நின்னா விடியவிடியப் பேசுவாளுக, சேத்து வையி." சேர்ந்தார்கள். "தம்பி உசரம், பின்னுக்குப் போகட்டும்." போனார். தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நின்று எல்லோரையும் ஏவுகிற ஒரு இளம்பெண்ணை ஞானேஸ்வரி அந்தக் கதிரையில் முதல் தடவையாகப் பார்த்தாள். 

"என்னைய பெரியக்கா பக்கத்துல வையி. இன்னும் கிட்ட. ஆங்."

தோளோடு தோள் முட்டியது. பேச்சியம்மா திரையில் விரலை வைத்து அக்காவின் கன்னத்தைத் தொட்டாள். ஞானேஸ்வரிக்கு உலகமே நிறைந்துவிட்ட சந்தோஷம்.

"இனி ஒட்டட்டே அம்மா? ஒட்டினால்தான் அடிக்கக் குடுக்கலாம்."

"இரு. என்னைய எடு, பாப்போம்."

"எங்க எடுக்கிறது?"

"வெளியதான். நான் இல்லாம எப்புடி நிக்கிறாங்கன்னு பாக்கணும்."

ஞானேஸ்வரிக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. "என்ன விசர்க்கதை" என்றாள். அம்மா அசையவில்லை. "பாக்கணும்டி" என்றாள் மெதுவாக. மகள் விசையை அமத்தினாள். படத்தில் பேச்சியம்மா இருந்த இடத்தில் வயல் தெரிந்தது.

அம்மா உலையில் சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஓட்டையா இருக்கு. அக்காவ இப்புடி இழு. நீ வந்து அவ பக்கத்துல நில்லு." ஞானேஸ்வரி தன்னைத் தானே நகர்த்தினாள். தான் கண்டேயிராத பெரியம்மாவின் தோளோடு தன் தோள் ஒட்டியது. கண்ணீர் மறைத்ததில் இரண்டு தடவை தவறிப்போய் மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது.

"இப்ப ஓட்டை இல்ல. இப்புடியே ஒட்டிரு."

"மாட்டன்."

ஞானேஸ்வரி விசையைத் திரும்ப அமத்தினாள். அம்மா திரும்பி வந்தாள். ஆனால் இடம் இல்லை. மகளின் நெஞ்சுக்கு மேலே பாதியாக நின்றாள்.

"எடமில்லடி, விடு."

"இருக்கம்மா" என்று சொல்லி, ஞானேஸ்வரி வரிசையின் அந்த ஓரத்துக்குப் போனாள். சின்னண்ணனைக் கொஞ்சம் தள்ளினாள். அடுத்தவரைத் தள்ளினாள். ராசு வந்து பின்னால் நின்று பார்த்தான். அம்மா நடுவில் முழுசாக நிற்கும்வரை அவள் ஒவ்வொருவராக நகர்த்திக்கொண்டே இருந்தாள்.