அம்மாவிடம் பாஸாகாத காம்ப்

செருப்புக்கு அடியில் தார் இளகி ஒட்டிப் பிடித்தது. காலைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ‘சப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஆக்லாந்தின் ஜனவரி மாதக் கோடை வெயிலில், பிளாட் புஷ்ஷில் எங்கள் தெருமுனையைத் தாண்டி, பாதி கட்டிய வீடுகளையும் இன்னும் மரம் வளராத நடைபாதைகளையும் விட்டு, நான் ஒடாஹுஹு பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு வயது முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. பின்னால், எங்கள் வீட்டு வாசலில், காரோடு கேரவனைக் கொளுவி, சில்லுகளுக்குக் காற்றடித்து, மறுநாள் விடியக் கிளம்புவதற்கு எல்லாம் ஆயத்தமாக நின்றது. அந்தப் பயணத்தை வீட்டில் எல்லோரையும்விட அதிகம் விரும்பியவன் நான். அதை நிறுத்துவதற்காகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கேரவனை நாங்கள் “பெட்டி” என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகும், கதவை ஒரு உதை உதைத்தால்தான் பூட்டும், உள்ளே நாலு பேர் படுத்தால் ஒருவர் திரும்ப மற்ற மூவரும் திரும்ப வேண்டும். அப்பா அதை யாரோ ஒரு கிழவரிடம் வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்கத் திருத்தினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கிருந்து நேரே இந்த நாட்டுக்கு வந்தவர் அவர்; கிழமை நாட்களில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். காலில் சில்லுப் பூட்டின ஆள் என்று அம்மா சொல்வாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அது எனக்கும் தொற்றியிருந்தது. ஆக்லாந்தைச் சுற்றியுள்ள பூங்காக்கள், கடற்கரைகள், ஆட்டுப் பண்ணைக்கு நடுவில் இருக்கும் புல்வெளிகள் என்று, கேரவன் நிறுத்தவிடும் இடம் எதுவானாலும் “பெட்டி” அங்கே போய் நிற்கும். பக்கத்து வீட்டில் இருந்த மதுரைக்காரர் ஒவ்வொரு முறையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, நத்தை மாதிரி வீட்டையே இழுத்துட்டுக் கிளம்பிட்டீங்களா?” என்று கேட்பார். “நத்தைக்கு வாடகை இல்லை தம்பி” என்பார் அப்பா.

போய் வந்ததும் அந்த இடத்துக்கு இணையத்தில் நட்சத்திரம் போடுவது அப்பாவின் பெருமை. ஆங்கிலத்தில் தட்டுவது என் வேலை. அவர் சாய்ந்து படுத்துக்கொண்டு சொல்வார்: “எழுதடா தம்பி. கடல் நல்லம். சனம் நல்லம். கக்கூஸ் பரவாயில்லை. அஞ்சு நட்சத்திரம்.” ஐந்துக்குக் குறைந்து அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒரு தடவை வெள்ளம் வந்து எங்கள் சப்பாத்துகள் மிதந்து போன இடத்துக்கும் ஐந்துதான்.

அம்மா மன்னாரில் பிறந்தவள். பத்து வயதில் படகில் கடல் தாண்டி, தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் ஏழு வருஷம் இருந்தவள். அதைப்பற்றி அவள் கதைப்பதில்லை. ஆனால் அப்பா “காம்பிங்” என்று சொல்லும் போதெல்லாம் அவள் அதை “காம்ப்” என்றுதான் திருப்பிச் சொல்வாள். “இந்தக் கிழமையும் காம்போ?” என்பாள். அப்பாவுக்கு அது ஒரு சொல். அவளுக்கு ஓர் இடம். இது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்களோடு வருவாள், கேரவனுக்குள்ளேயே சமைப்பாள், ஜன்னல் துணியை விலக்கி வெளியே பார்ப்பாள், அவசியம் என்றால் தவிர இறங்கமாட்டாள். அவளுக்குக் கடல் பிடிக்காது போலும் என்று நானும் தங்கச்சியும் நினைத்திருந்தோம்.

எனக்குப் பதினாறு ஆகப்போகிற அந்த வருஷக் கடைசியில் அப்பா தன் திட்டத்தைச் சொன்னார். வாடகை வீட்டை விட்டுவிட்டு ஒரு வருஷம் “பெட்டி”யிலேயே இரண்டு தீவுகளையும் சுற்றுவது, நாட்டில் இருக்கும் முகாம் இடம் ஒன்று விடாமல் நட்சத்திரம் போடுவது, நானும் தங்கச்சியும் தபால் வழியாகப் படிப்பது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தங்கச்சி ஆங்கிலத்தில் நாய்க்குட்டி கேட்டாள். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நான் இனிக் காம்பில சீவிக்க மாட்டன்” என்றாள்.

இரண்டு நாள் கழிந்த பிறகு அப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். “இஞ்சரும், நீர் மார்க் போடும். டிசம்பரில, நத்தார் லீவில பத்து நாள், நாலு இடம். ஒரு இடமாவது உம்மட்ட நூற்றுக்கு அம்பது எடுத்தா நாங்கள் போறம். இல்லையெண்டா பெட்டியை வித்துப்போட்டு நான் வாய் திறக்க மாட்டன்.” அம்மா யோசித்துவிட்டு, “ஆர் எழுதுறது?” என்று கேட்டாள். “தம்பி எழுதுவான்” என்றார் அப்பா. அப்படித்தான் மார்க் எழுதும் கொப்பி, ஒரு பழைய பள்ளி நோட்டு, என் கைக்கு வந்தது.

முதலாவது இடம் மேற்குக் கரையில், கறுத்த மணல், இரைச்சலான கடல். குழாயடியில், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் என்று பலகை தொங்கியது. அம்மா அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். “இதுக்கு நான் அங்கயே இருந்திருக்கலாமே” என்றாள். இருபது மார்க்.

இரண்டாவது இடத்தில் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். காலையில் குளிப்பறைக்கு நீண்ட வரிசை நிற்கும் என்று கண்டுபிடித்து, அம்மா காத்திருக்கக் கூடாது என்பதற்காக முதல் ஆளாக எழும்பி, அவளுடைய நீல வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் காவல் நின்றேன். துவாயோடு வந்த அம்மா வாளியைக் கண்டதும் நின்றுவிட்டாள். துவாயும் பல் துலக்கும் பிரஷுமாக நின்ற வெள்ளைக்காரர்களை ஒருமுறை பார்த்தாள். வந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, குளிக்காமலே திரும்பிப் போய்விட்டாள். பதினைந்து மார்க். “ஏனம்மா, நான் இடம் பிடிச்சுத் தந்தனானே?” என்று கேட்டேன். “நானும் காம்பில இப்பிடித்தான் இடம் பிடிச்சனான், உன்ர வயசிலயும் குறைய” என்றாள்.

மூன்றாவது இடம் நல்ல இடம். நிழல் இருந்தது, குடிதண்ணீர் இருந்தது, வரிசையில்லை. அம்மா கேரவனுக்கு வெளியே அடுப்பை வைத்து ரொட்டி சுட்டாள்; நான் மனசுக்குள் ஐம்பத்தைந்து போட்டுவிட்டேன். அப்போது பூங்காக் காவலர், அரைக் காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி, கையில் அட்டையும் பேனையுமாகச் சிரித்துக்கொண்டு வந்து, இங்கே எத்தனை பேர் என்று கேட்டாள். அம்மா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய்ப் பாஸ்போர்ட் பையை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தங்கச்சியைத் தோளில் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு என்னை, பிறகு அப்பாவை இழுத்து, தான் கடைசியில் நின்றாள். ஒரே நேர்கோடு. காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் படம் எடுக்க நிற்கிறோம் என்று நினைத்து, கமராவைத் தாருங்கள் என்று கை நீட்டினாள். அப்பா தன் கைத்தொலைபேசியைக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது; அடக்க முடியாமல் சிரித்தேன். அந்தப் படத்தில் நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அம்மா தலையை நிமிர்த்தி, முகாமில் போல, எண்ணி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

“பூச்சியம்” என்றாள் அம்மா. அப்பா கரையோரமாக வெகுதூரம் நடந்து போனார்.

நாலாவது, கடைசி இடம். கிழக்குக் கரையில் புல்மேடு, முன்னால் அமைதியான கடல். அம்மா அங்கே தானாகவே இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கணுக்கால் வரை நின்றாள். காற்று நல்லம் என்றாள். இரண்டாவது நாள் பின்னேரம், பூங்காக்காரர்கள் தெருப்பக்கத்துப் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டு போனதை அம்மா கண்டாள். எல்லா நாளும் நடப்பதுதான், திருடர் வராமல் இருக்க. அம்மா அந்தச் சங்கிலியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “இந்தப் பூட்டு ஆருக்கு? உள்ளுக்கு நிக்கிற எங்களுக்கோ, வெளியில நிக்கிறவைக்கோ?” என்று கேட்டாள். காலையில் என்னைக் கூப்பிட்டு, “முப்பத்தஞ்சு போடு தம்பி” என்றாள்.

கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நான் 53 என்று எழுதினேன். பிடிபட்டால் மாறி எழுதிவிட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். “அம்பத்து மூண்டு! இஞ்சரும், இது நீர் சொன்னதோ?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். “ஓம்” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன். தகப்பனுக்கு முன்னால் மகனைக் கள்ளன் ஆக்க மனம் வராமல் இருக்கலாம். நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று அந்த ஒரு எண்ணில் கண்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. அப்பா வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தார், வேலையை விட்டார், வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டினார். அம்மா சாமான் கட்டினாள். நான் முழு நாட்டையும் விரலால் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் மத்தியானம் குசினிக்குள் பிளாஸ்டிக் எரியும் மணம் வந்தது. போய்ப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மெழுகுதிரி நெருப்பில் வாயை உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள். படகில் வந்தவர்கள் அப்படித்தான் செய்தார்களாம். நாங்கள் போகப்போவது நல்ல தெருக்களில், காரில். “இது என்னத்துக்கம்மா?” என்று கேட்டேன். “தண்ணி பட்டா நாங்கள் ஆரெண்டு ஆர் சொல்லுறது?” என்றாள், நெருப்பிலிருந்து கண்ணெடுக்காமல். தங்கச்சிக்கு ஒரு பை, எனக்கு ஒரு பை என்று தனித்தனியாகக் கட்டியிருந்தாள். பிரிந்துபோனால் என்பதற்காக.

உண்மையைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சொன்னால் அம்மாவின் “ஓம்” என்ற சொல்லும் பொய்யாகிவிடும். அதனால், நான் வேலை எடுத்து இங்கேயே நின்றால் பயணமும் நின்றுவிடும் என்று, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒடாஹுஹுவில் கிழங்குக் கடை ஒன்றின் கண்ணாடியில் ஆள் தேவை என்று காகிதம் ஒட்டியிருந்ததை, அப்பாவோடு போன ஒரு சனிக்கிழமை கண்டிருந்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடை. காகிதம் இன்னும் அங்கேயே இருந்தது. கடைக்காரி ஒரு தொங்கா நாட்டுப் பெண். என் தோள்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன்; பதினாறு முடிந்தால் இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தை விடலாம். நாளைக்கு ஆறு மணிக்கு வா என்றாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னேன்: “அப்பா, நான் வரேல்ல. வேலை எடுத்திட்டன்.”

“என்ன வேலை?”

“கிழங்குக் கடையில. மூட்டை இறக்கிறது.”

அப்பா சிரித்தார். “டேய், ஒரு நாடு முழுக்கக் கிடக்கு, நீ கிழங்கு தூக்கப் போறியோ? அம்பத்து மூண்டு எழுதேக்க உன்ர முகத்தைப் பாத்தனான்டா, லொத்தர் விழுந்தவன் மாதிரி இருந்தனி.” பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டார்.

“பள்ளிக்கூடம்?” என்று அம்மா கேட்டாள்.

“போகேல்லயம்மா.”

அவள் முகத்தில் அப்போது வந்தது சந்தோஷம் இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஏழு வருஷத்தை அவள் முகாமில் கழித்தவள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் இந்த நாட்டுக்கு வந்தாள். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம், “இஞ்சேருங்கோ, பிள்ளை விடிய வேலைக்குப் போகப் போறான். ஆர் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்கிறது? நான் வரேல்ல” என்றாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இருட்டுவதற்கு முன் வெளியே போய்க் கேரவனின் கொளுக்கியைக் கழற்றினார். அந்த இரும்புச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

நல்லகாலம், வீட்டுக்கு வேறு ஆள் வந்திருக்கவில்லை. அப்பாவுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு பஸ் ஓட்டப் பழகினார். “பெட்டி” மதிலோரம் நின்று பாசி பிடித்து, கடைசியில் கோழி வளர்க்கிற ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். கொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை. நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை, ஓரிடத்தில் நிற்கவுமில்லை. கிவிப்பழம், அப்பிள், வெங்காயம், இறைச்சித் தொழிற்சாலை என்று அப்பா சுவரில் ஒட்டிய வரைபடம் முழுவதையும் தனியாகச் சுற்றியிருக்கிறேன், பாதி வருஷம் வேனுக்குள்தான் படுக்கை. அந்தக் கரையோர இடங்களில் இப்போது அட்டையோடு யாரும் வந்து எண்ணுவதில்லை. கைத்தொலைபேசியில் பதிந்துவிட்டு, படலையில் இலக்கத்தை அழுத்திவிட்டு உள்ளே போகலாம். அம்மா பாட்டனி டவுன்ஸில் தங்கச்சியோடு இருக்கிறாள். தங்கச்சியின் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அவளும் இப்போது “காம்பிங்” என்கிறாள். முப்பத்தைந்தைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்பா கொளுக்கியைக் கழற்றியதற்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நான் கடையின் பின்பக்கம் நின்றேன். தீவுகளிலிருந்து வந்த டாரோ கிழங்கும் மரவள்ளியும் ஒரு லொறி நிறைய. கடைக்காரி, நல்ல தோள் எது என்று கேட்டாள். தெரியாது என்றேன், அவள் வலதில் ஒரு மூட்டையை ஏற்றினாள், ஈர மண் கழுத்துக்குள் இறங்கியது. கதவுக்கு எதிரே ரயில் பாதை. ஒரு நீண்ட சரக்கு வண்டி தெற்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது, முடியாமல். அதற்கு முதுகைக் காட்டி நின்று, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததுக்குப் போனேன்.