விமானம் ஏறுமுன் இ-சிம் பார்த்தவர்கள்

மொபைல் கடைக்காரனுக்கு நாக்கு வறண்டால்தான் சோறு. மைசூர் பஸ் ஸ்டாண்டு அருகே சிம் விற்கும் எனக்கு, போனுக்குள்ளேயே இருக்கும் இந்த இ-சிம் வந்த பிறகு அது இரட்டிப்பாக வறள்கிறது. காசு வாங்க வேண்டும், ஆனால் கையில் கொடுக்க ஒன்றும் கிடையாது. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்படும் என் இனத்தாருக்கு இந்தச் சங்கடம் புரியும். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எதையும் செருகாமலே ஒரு போன் அடுத்த தேசத்தின் சிக்னலைப் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

அளவாக வெட்டிக் கொடு

மேல்கோட்டைப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த ஊர் இ-சிம்முக்காக மகள் அனுப்பிய கியூ.ஆர். கோடைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட்டும் செய்து கொண்டுவந்திருந்தார். பெரிய சிம்மைச் சின்னதாக வெட்டித் தந்த காலத்துக் கட்டர் என் மேசையில் இன்னும் கிடக்கிறது. அதைக் காட்டி, இதையும் சிம் அளவுக்கு வெட்டச் சொன்னார்.

காகிதம் உள்ளே போகாது, கேமராவில் காட்டினால் போதும் என்று சொல்லி நானே ஸ்கேன் செய்தேன். திரையில் இரண்டாவது இணைப்பு முளைத்தது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கை கூப்பிவிட்டார்.

"பெருமாளும் இப்படித்தான்ப்பா. உள்ளே இருக்கார், எங்கேன்னு காட்ட முடியறதில்லை."

யாருக்கு எந்தப் போன்

சிவராஜ் மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்து இங்கே தச்சு வேலை செய்பவர். அவர் மனைவி மல்லிகா கார்மென்ட்ஸில் தைப்பவள். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. மல்லிகா சதுரங்கத்தில் கெட்டிக்காரி. காது கேளாதோர் போட்டி ஒன்றுக்குக் கோலாலம்பூர் போகிறாள், முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. சாதாரண ஃபோன் கால் அவர்களுக்கு உதவாது. கையால் பேச வீடியோ வேண்டும், வீடியோவுக்கு நெட் வேண்டும். இறங்கியதும் நெட் இல்லையென்றால் அந்தப் பெரிய ஏர்போர்ட்டில் அவள் கணவனோடு ஒரு வார்த்தை பேச முடியாது.

அவள் போனில் ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடித்தேன். போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்கள் வந்தன. இ-சிம் உள்ள போனில் வரும் இ.ஐ.டி. என்ற நீளமான எண் மட்டும் வரவில்லை. உதட்டைப் பிதுக்கினேன். சிவராஜ் தன் போனை நீட்டினார். அதில் வந்தது. அடுத்த நொடியே ஊசி கேட்டு வாங்கி, தன் சிம்மைக் கழற்றினார். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர் கேட்கவில்லை. பிறகு என்னிடம் டைப் செய்து காட்டினார்.

"நான் வீட்ல இருக்கிறவன். ஊர் விட்டுப் போறவளுக்குத்தான் நல்ல போன்."

முகத்தைக் காட்டு

மலேசியா பிளானை ஏற்றிவிட்டு, எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன்: இறங்கியதும் இந்த இணைப்பை ஆன் செய், டேட்டா ரோமிங்கையும் ஆன் செய், இல்லாவிட்டால் பிளான் இருந்தும் நெட் வராது. நம் தொழில் வழக்கம் தெரியுமே, கண் போனில் இருக்கும், வாய் பாட்டுக்கு ஓடும். மல்லிகா கவுன்டரைப் படபடவென்று தட்டினாள். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவள். இத்தனை நேரம் என் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போனில் டைப் செய்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"குனிஞ்சு பேசினா எனக்கு எப்படிண்ணா கேட்கும்?"

ஹலோ

அவள் இறங்கும் நாளன்று சிவராஜ் என் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். விமானம் இறங்கியதாக என் போனில் காட்டியது. அழைப்பு வரவில்லை. அவர் கை தொடையில் தாளம் போட்டது. ரோமிங்கை ஆன் செய்ய மறந்திருப்பாளோ? போன் செய்து கேட்கவா முடியும்?

திடீரென்று சிவராஜ் கையிலிருந்த போனின் திரை வெளிச்சமானது. மல்லிகா போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினாள். அவள் தோளுக்குப் பின்னால் ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி வந்த அந்த விரல்களுக்கு இவர் விரல்கள் பதில் சொல்லின. அவள் சிரித்தாள், இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே சமயம் பக்கத்தில் ரீசார்ஜுக்கு வந்தவர், கொள்ளேகாலில் இருக்கும் தம்பியிடம் கழுத்து நரம்பு புடைக்க, கேட்கிறதா எனக் கன்னடத்தில் "ஹலோ, கேள்ஸ்தா? ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். பேசி முடித்த சிவராஜ் அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எனக்கு டைப் செய்தார்.

"பாவம், ரொம்பக் கஷ்டப்படுறார். இவருக்கும் வீடியோ போட்டுக் கொடுங்கண்ணா."

காது கேட்பவர்களுக்கே காலமெல்லாம் டாக்டைம் விற்றுவந்த எனக்கு, இப்போது கடையில் யாராவது ஹலோ ஹலோ என்று கத்தினால் கோபம் வருவதில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.