முதல் வேண்டாம்

ஸ்வீடனுக்கு வந்து நான் முதன்முதலாகப் பட்டினி கிடந்தது ஒரு தட்டு நிறைய ரொட்டிக்கு முன்னால்தான். இங்கே பிற்பகலானால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் காபிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஃபீகா என்பார்கள். ஆய்வகத்தில் சேர்ந்த வாரம், பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியை ஒருத்தி என்னிடம் நீட்டினாள். எனக்கு நல்ல பசி. “நோ, தேங்க்ஸ்” என்று சொல்லி, முன்னால் இருந்த காலித் தட்டின் மேல் கையை விரித்தேன். “ஓகே” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். இன்னொரு சுற்று வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடப்பாவிகளா, மிச்ச ரொட்டியை டப்பாவில் போட்டு மூடியே விட்டார்கள்!

கோவைப் பக்கத்து எங்கள் அன்னூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் விருந்தாளி சொல்லும் முதல் ‘வேண்டாம்’ கணக்கிலேயே சேராது. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவதற்கு வேண்டுமானால் கொஞ்சம் யோசிப்போம். இலையைக் கையால் மூடினாலும் விடமாட்டோம், “அட, கொஞ்சூண்டுங்க” என்று விரலிடுக்கில் ரசத்தை ஊற்றிவிடுவோம். கேட்டதும் வாங்கிக்கொள்கிறவர்களைப் பற்றி, அவர்கள் போனபிறகு ஒரு வாரம் பேசுவோம்.

என் அப்பா டவுன் பஸ் ஓட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் கழுத்து நரம்பு நசுங்கிவிட்டது. நடப்பார், பேசுவார், என்னைக் கிண்டல் செய்வார். இரண்டு கைகளும் மட்டும் தூக்க வராது. அம்மாதான் ஊட்டிவிடுவாள். நாலு வாய் வாங்கியதும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பசி இல்லாமல் இல்லை. தன் வீட்டுக்காரியைக் கிண்ணத்தோடு நிற்கவைக்கிறோமே என்ற கூச்சம். அவள் கெஞ்சக் கெஞ்சக் கூச்சம் கூடும், சோறு மிஞ்சும். நான் விமானம் ஏறும்போது ஆள் பாதியாகியிருந்தார். அதனால்தான் முதுகலைப் படிப்பில் தீசிஸுக்கான தலைப்புகளைப் பேராசிரியர் நீட்டியபோது, தானாக ஓடும் வண்டியையும் ட்ரோனையும் ஒதுக்கிவிட்டு, ஊட்டிவிடும் இயந்திரக் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். எனக்கு வேறு லட்சியம் எதுவும் கிடையாது.

அந்தக் கைக்கு ஒரு கேமரா உண்டு. வாய் திறந்தால் கரண்டி வரும். தலை திரும்பினால் பின்வாங்கும். பின்வாங்கிய பிறகு எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. இன்னும் இரண்டு முறை என்று எழுதினேன். அதைவிடக் குறைத்து எழுத எனக்கு மனசு வந்திருக்காது.

சோதனைக்கு பிர்கிட் என்ற அம்மையார் வந்தார். தசை நோயால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தயிர்க்கூழை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு தலையைத் திருப்பினார். கரண்டி போயிற்று, வந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி வந்தது. நான் பெருமையோடு, “இன்னும் கொஞ்சம்தானே” என்றேன் ஆங்கிலத்தில்.

“நிறுத்து” என்றார். “என் உடம்பில் நான் சொன்னபடி கேட்பது இந்தத் தலை ஒன்றுதான். உன் இயந்திரம் அதையும் மதிக்கவில்லை.”

எனக்கு முகம் செத்துவிட்டது. உபசாரம் என்று நான் நினைத்தது அவருக்கு அத்துமீறலாக இருந்திருக்கிறது. அன்றே நிரலை மாற்றினேன்: ஒரு மறுப்பு, உடனே நிறுத்தம். அடுத்த வாரம் பிர்கிட் வந்தார், சாப்பிட்டார், தலையைத் திருப்பினார், கை அடங்கியது. “இப்போதுதான் இதற்குப் புத்தி வளர்ந்திருக்கிறது” என்று கண்ணடித்தார். எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “இதென்ன கூத்து? ஒருக்கா கேட்டுப்போட்டு உட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்றாள். “இல்லம்மா, ஒருக்கா சொன்னதும் உட்டுப்போடறதுதான் இங்க மரியாதை” என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கினேன். ம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கோவை காந்திபுரத்தில் மோட்டார்கள் வாங்கி, அதே கையைச் சின்னதாகச் செய்தேன். சாப்பாட்டு மேசையில் பொருத்தினேன். அம்மா அரிசியும்பருப்புச் சோறு ஆக்கி நெய் விட்டிருந்தாள். அப்பா நாலு வாய் வாங்கினார், பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பினார். கை மடங்கிப் படுத்துக்கொண்டது. அவர் அதையே பார்த்தார்.

“ஏங்கண்ணு, கோவிச்சுக்கிச்சா?”

“ஒருக்கா வேண்டாம்னா உட்டுப்போடுதா? நல்லா ஊட்டுச்சு போ!” என்று அம்மா இடுப்பில் கைவைத்தாள்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழையபடி இரண்டு முறை என்று மாற்ற லேப்டாப்பைத் திறந்தேன். ஆனால் பிர்கிட் மனசில் நின்றார். “அப்பா, நெசமாவே வேண்டாம்னா எப்படிக் காட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“கண்ண இறுக்கி மூடிக்கறன் சாமி.”

அதையும் எழுதினேன்: கண்ணை மூடினால் நிறுத்தம், முகம் திருப்பினால் இன்னும் இரண்டு முறை.

மறுநாள் மதியம் அப்பா முகத்தைத் திருப்பினார். கரண்டி திரும்ப வந்தது. “போதுமப்பா” என்று அதனிடம் சொன்னார். அது கேட்கவில்லை. “சரி சரி, வை” என்று வாயைத் திறந்தார். கிண்ணத்தோடு யாரும் நிற்கவில்லை, கூச்சமும் இல்லை. கிண்ணம் காலியாகும்வரை இந்தச் சண்டை நடந்தது. அப்பா ஏப்பம் விட்டுக் கேட்டு எத்தனை காலம்! எனக்கு அந்தக் கரண்டியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இன்னுங் கொஞ்சம் கொண்டா” என்றார் அப்பா. அம்மா அவர் கிண்ணத்தை நிரப்பிவிட்டு என் பக்கம் வந்தாள். எனக்கும் இன்னொரு கரண்டி வேண்டித்தான் இருந்தது.

“சோறு வைக்கட்டுமா கண்ணு?”

“போதும்மா” என்று தட்டின் மேல் கையை விரித்தேன்.

“சரி சாமி” என்று அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டு மூடினாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், “ஒருக்காத்தான கேக்கோணும்? உன்னைய தொந்தரவு பண்ணப்படாதுல்ல” என்றாள், அவ்வளவு அன்பாக.

பக்கத்தில் அப்பா முகத்தைத் திருப்பினார். அவருடைய கரண்டி திரும்ப வந்தது. நான் தட்டை மூடிய கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.