கள்ளிப்பழக் கறை

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. பெற்றது நான்கு, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டு. ஆறு பேரையும் யாரிடமும் கைநீட்டாமல் வளர்த்தேன். எழுத்து மட்டும் கூட்டிக் கூட்டித்தான் வரும்; அதனால் நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான்.

நேற்று பேத்தி கரட்டுக் குன்றில் கள்ளிப்பழம் தின்றுவிட்டு வாயெல்லாம் சிவக்க வந்து நின்றாள். எனக்கு நான் பிறந்த மேச்சேரி நினைவு வந்துவிட்டது. சின்ன வயதில் அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு கரடு முழுக்கச் சுற்றுவேன். பழத்தைப் பாறையில் தேய்த்து முள்ளைப் போக்கித் தின்போம். வழுக்குப் பாறையில் சறுக்குவோம். ஒருநாள் பழத்தின் மேலேயே உட்கார்ந்து சறுக்கிவிட்டேன்.

வீட்டில் அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், தொடாமல், கொட்டகை ஓரம் உட்கார வைத்தாள். நான் பெரியவளாகிவிட்டேன் என்று தாய்மாமனுக்கு ஆள் போனது. மாமன் தென்னங்கீற்றைச் சுமந்து வந்து எனக்குக் குடிசை கட்ட ஆரம்பித்தார். பெண்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மாமா, அது கள்ளிப்பழமுங்க."

"அட சாமி! அப்ப அந்தக் கள்ளிக்கே சீர் செஞ்சுட்டுப் போறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு. இனிமே கரட்டுப் பக்கம் போவாத."

மறுநாள் முதல் ஆடுகளைத் தம்பி ஓட்டிப் போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

நேற்று பேத்தியிடம் அதே சொல் என் வாய்வரைக்கும் வந்தது. கூசிப்போய் விழுங்கிக்கொண்டேன். "நாளைக்கும் போயிட்டு வா" என்றேன்.

இந்தா சாமி, ஒருக்காப் படிச்சுக் காட்டு. பாவாடை வர்ற இடத்துல மட்டும் மெதுவாப் படி, உங்கப்பன் உள்ள இருக்கான்.