செத்தவருக்குக் கொடுத்த மன்னிப்பு

எங்கள் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. மாமா மகள் கல்யாணத்தில், இந்த விவாகத்துக்குத் தடை சொல்வார் உண்டா என்று போதகர் வழக்கம்போலக் கேட்டார். யாரும் பதில் சொல்லக் கூடாத கேள்வி அது. அப்பா எழுந்து நின்றார். பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. தடை ஒன்றும் இல்லை, பசிதான் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் ஊர் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் கை நனைக்காமல் சின்னசேலத்துக்கு பஸ் ஏறிப் போனார்கள். அன்றோடு மாமா எங்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வதைபட்டது அம்மாதான். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் மாமாவுடையது. எங்கள் மரவள்ளிக் கொல்லையில் நின்றால் அந்த வீட்டுக் கூரை ஓடு தெரியும். அம்மா பிறந்த வீடு. அண்ணன் வாயால் வா என்று கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள். களையெடுக்கும்போது அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கு அப்பா மேல் பற்றிக்கொண்டு வரும். மன்னிப்புக் கேட்கச் சொன்னால், பசித்ததைச் சொன்னது பாவமா என்று எங்களையே திருப்பிக் கேட்பார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது அப்போதுதான். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, பேப்பர் இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா உழவு மாடு பார்க்க எலவனாசூர்கோட்டைக்குப் போயிருந்தார். அந்தப் பக்கம் மரம் சாய்ந்து பச்சைத் துண்டு போட்ட ஒருவர் செத்துப்போனார் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து நடந்து வந்த ஒருத்தர் சொன்னார். மாவட்டம் முழுக்க விவசாயிகள் தோளில் பச்சைத் துண்டுதான், ஆனால் எங்கள் சபைக்கு அப்பாவின் துண்டு மட்டும்தான் ஞாபகம் வந்தது. விசாரிக்கப் போன இரண்டு பேர் பாதி வழியிலேயே திரும்பி வந்து, அடக்கமே முடிந்துவிட்டதாம் என்றார்கள். அம்மா சுருண்டு விழுந்தாள்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன்னால், செத்தவர் மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் எழுந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். இங்கே பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. போதகர் வர வழியில்லாததால், ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரே ஜெபத்தை நடத்தினார். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை ஒரு நாற்காலியில் மாட்டி முன்னால் வைத்தார்கள். மாமா வந்திருந்தார். சட்டையைப் பார்த்ததும் அந்த மனுசன் உடைந்துபோனார்.

"எம் மச்சான நான் மன்னிச்சிட்டேன். எனக்கும் அவருக்கும் இனிமே பகை ஒண்ணும் கெடயாது" என்று தேம்பித் தேம்பிச் சொன்னார்.

எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அப்பா உள்ளே வந்தார். கால் வீங்கி, மாடும் வாங்காமல், சாய்ந்த மரங்களையெல்லாம் ஏறி இறங்கி நடந்தே வந்திருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கவே ஜெபக்கூடத்துக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். யார் போய்விட்டார்கள் என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். கண்ணைத் திறக்காமலே அவர், மரம் விழுந்து செத்தாராம், நல்ல மனுசன் என்றிருக்கிறார். ஐயோ பாவம் என்று அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் பார்த்தது நான். நான் போட்ட கூச்சலில் உபதேசியார் கையிலிருந்த வேதாகமம் கீழே விழுந்தது. உயிர்த்தெழுதலை வாரந்தவறாமல் பிரசங்கித்தவர் அவர், ஒருத்தர் எழுந்து வந்ததும் முதலில் வாசல் பக்கம் ஓடியவரும் அவர்தான். அம்மா அப்பாவின் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக ஒரே களேபரம்.

அது அடங்கியதும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் செத்தவரத்தான் மன்னிச்சேன். உசுரோட இருக்கறவருக்கு அது சேராது" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். மன்னிப்பு செல்லுமா செல்லாதா என்று கூடத்தில் இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது, அதுவே பெரிய அற்புதம்.

அம்மா போய் மாமாவுக்குக் குறுக்கே நின்றாள்.

"ஏண்ணா, பாவத்துல செத்துக் கெடந்த நம்மளத்தான ஆண்டவரு மன்னிச்சாரு? உசுரு வந்துடுச்சின்னு அத திருப்பி வாங்கிக்கினாரா? அவரு குடுத்தது நெலைக்கும்னு நம்பிக்கினுதான நீ இங்க வர? அப்ப நீ குடுத்தது மட்டும் இன்னாத்துக்கு நெலைக்காது?"

மாமா உபதேசியாரைப் பார்த்தார். அவர் திரும்பி வந்து, விழுந்த வேதாகமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா பின்னாலிருந்து, சிரிக்காமல், "அன்னிக்கு நான் பேசினது தப்புதான் மச்சான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

மாமா அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அம்மாவைப் பார்த்து, "வூட்டுக்கு வா" என்றார்.

அம்மா புடவை கூட மாற்றவில்லை. செத்துப் பிழைத்து வந்த புருசன் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். அன்று அப்பாவுக்கு அடுப்பு மூட்டிச் சோறு வடித்தது நான்தான்.