பிடியரிசிப் பைகளும் ஒத்துப்போகாத பட்டியலும்

ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனமில்லை, அதனால் சொல்கிறேன்.

2009-இல் நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். கூட இருந்தவர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் இறந்து, கொட்டாரம் ஊரிலிருந்த எங்கள் வீட்டில் நான் மட்டும். சில நாள் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

ஒரு மருத்துவமனையின் மருந்துப் பட்டியல்களைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றினோம். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பட்டியலும் ஒன்றுதானா என்று பார்க்க நான் புரோகிராம் எழுதினேன். ஏறக்குறைய எல்லாருக்கும் 'இல்லை' என்றே வந்தது. கண்ணால் பார்த்தால் அதே மருந்துகள்! திங்கட்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். "ஆண்டவரே, ஜாவா தெரிந்த ஒருவரை அனுப்பும்" என்று மேஜையில் தலைவைத்து அழுதேன். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போனேன். கல்யாணம் எப்போது என்று கேட்பார்களே என்று ஒரு வருடமாகப் போகாதிருந்தேன். அன்று மனுஷக் குரல் கேட்டால் போதும் என்றிருந்தது.

அன்று பிடியரிசி சேர்க்கும் நாள். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைத்து, மாதம் ஒருமுறை பெயரெழுதிய பையில் கொண்டுவருவோம். புதிதாகச் செயலாளரான ஸ்டெல்லா அக்கா, பைகளை நோட்டிலிருந்த பெயர்களோடு ஒப்பிட்டுத் திணறினார்.

"நோட்டுல முதல்ல மேரி, இங்க முதல் பை ரோஸ்லெட்டுக்கது. ஒண்ணும் சேரல்லியே!"

"ஏட்டி, வரிசைதான் மாறிக் கெடக்கு. பை எல்லாம் வந்தாச்சு. அடுக்கிட்டுப் பாரு," என்றார் அவர் தோழி லில்லி அக்கா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜாவாவில் இரண்டு லிஸ்டை ஒப்பிட்டால் அது வரிசையையும் பார்க்கும். பழைய கம்ப்யூட்டர் மருந்துகளைத் தேதிப்படி வைத்திருந்தது, புதியது அகரவரிசைப்படி. தெரிந்த பாடம்தான், பயத்தில் மறந்துபோனேன். லிஸ்டுக்குப் பதில் 'செட்' என்ற வகையில் போட்டால் வரிசை பார்க்காது. ஆனால் ஒரே மருந்து இரண்டு முறை இருந்தால் ஒன்றாக்கிவிடும். அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆபீஸைத் திறந்து, இரண்டு லிஸ்டையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு ஒப்பிட்டேன். 'ஆம்', 'ஆம்' என்று வந்துகொண்டே இருந்தது. மூன்று பேருக்கு மட்டும் 'இல்லை'. அவர்களுக்கு மெய்யாகவே ஒரு மருந்து விட்டுப்போயிருந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சேர்த்தேன். வேலையும் தப்பியது.

ஜாவா தெரிந்த ஒருவரைக் கேட்டேன். கம்ப்யூட்டரையே தொடாத, அந்தக் கூட்டத்துப் பெண்கள் பதினான்கு பேரை ஆண்டவர் தந்தார். இன்றும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்கட்டும். தனிமையில் இருக்கிறவர்களே, வாய்விட்டுக் கேளுங்கள், அவர் யார் மூலமாகவும் பதில் தருவார். ஒரு சனிக்கிழமை நான் போகாவிட்டால் லில்லி அக்கா போன் செய்கிறார். "எங்க போன மக்கா?" அம்மா இறந்த பிறகு என்னிடம் இதைக் கேட்க ஆளில்லாமல் இருந்தது.